காயத்தை வைத்தியர் அளக்கிறார், வாழ்க்கையை யார் அளப்பது? நட்டஈடு கேட்கும் தொழிலாளியும் வைத்தியரின் சட்டக் கடமையும்

வில்கமுவ பக்கம் பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டால் வெட்டும் மெஷின், டிராக்டர், நெல் மில், லொறி எல்லாமே ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும். காயங்களும் அந்த வாரங்களில்தான் கூடும். மில்லின் பெல்ட்டில் விரல் சிக்கும். மூட்டை ஏற்றும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளும். அடைத்துப்போன வைக்கோலை, ஓடும் மெஷினுக்குள் கைவிட்டு இழுப்பவர்களும் இருக்கிறார்கள்.

இப்படி ஒருவர் காயப்பட்டால் ஊரில் இரண்டு கேள்விகள் உடனே வரும். எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்? முதலாளி செலவைப் பார்த்தாரா? மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. வைத்தியர் என்ன எழுதினார்?

ஆசிரியர் என்றால் படிவம் நிரப்பத் தெரியும் என்று கிராமத்தில் ஒரு நம்பிக்கை. அதனால் இத்தகைய காகிதங்கள் அவ்வப்போது எங்களைத் தேடி வரும். அவற்றில் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்றுதான். நட்டஈடு கிடைப்பதும் கிடைக்காமல் போவதும், கூடுவதும் குறைவதும், பெரும்பாலும் வைத்திய அறிக்கையிலுள்ள ஓரிரு வரிகளில் தங்கியிருக்கிறது. அந்த வரிகளை எழுதும்போது வைத்தியருக்குச் சட்டத்தில் என்ன கடமை இருக்கிறது, நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் சொல்வது என்ன?

வேலையில் காயப்படுபவருக்கு நட்டஈடு வழங்குவதற்கென நமது நாட்டில் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ளது. 2005 ஆம் ஆண்டின் திருத்தம் நட்டஈட்டின் உச்ச வரம்பை 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவாக ஆக்கியது. 2022 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதனை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் நேரும் விபத்துகளையும் அதே திருத்தம் உள்ளே கொண்டுவந்தது.

இச்சட்டத்தின் அடிப்படை எளிமையானது. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்தினால் காயம் ஏற்பட்டிருந்தால் முதலாளி நட்டஈடு செலுத்த வேண்டும். முதலாளி தவறு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. தொழிலாளி கொஞ்சம் கவனமில்லாமல் இருந்தார் என்பதற்காக மட்டும் உரிமை போய்விடாது. போதையில் இருந்தது, பாதுகாப்புக்காக வகுத்த விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே கழற்றியது போன்ற சில நிலைமைகளில்தான் முதலாளி பொறுப்பிலிருந்து விலக முடியும்.

இந்தப் பணத்தை அரசாங்கம் கொடுப்பதில்லை. முதலாளியே கொடுக்க வேண்டும், அல்லது அவர் காப்புறுதி செய்திருந்தால் காப்புறுதி நிறுவனம் கொடுக்க வேண்டும். பிணக்கு வந்தால் தீர்ப்பவர் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர்.

தவறை நிரூபிக்க வேண்டியதில்லை என்றால் பிறகு வாதாட என்ன இருக்கிறது? மூன்று விடயங்கள் மிஞ்சுகின்றன. காயம் வேலையினால் வந்ததா? எவ்வளவு காலம் வேலை செய்ய முடியாமல் போனது? நிரந்தரமாக எவ்வளவு இழப்பு? இந்த மூன்றுக்கும் பதில் தேடி ஆணையாளர் முதலில் திருப்பும் காகிதம் வைத்திய அறிக்கைதான்.

உங்கள் முன் இருப்பவர் எந்த வைத்தியர்?

வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் ஒன்றுதான். ஆனால் நட்டஈட்டு விடயத்தில் ஒரு வைத்தியர் மூன்று விதமான இடங்களில் ஒன்றில் நிற்கிறார்.

முதலாமவர் சிகிச்சை அளிப்பவர். ஹெட்டிப்பொல வைத்தியசாலையிலோ மாத்தளை, தம்புள்ளை, கண்டி வைத்தியசாலைகளிலோ காயத்தைத் தைத்து, எலும்பைப் பொருத்தி, மருந்து கொடுப்பவர். அவருடைய முழுக் கடமையும் நோயாளிக்கே உரியது.

இரண்டாமவர் அரசின் சார்பில் பரிசோதிப்பவர். சட்ட வைத்திய அதிகாரியும், இயலாமையை மதிப்பிட அமர்த்தப்படும் வைத்தியர்களும் இதில் அடங்குவர். அவர்களின் கடமை உண்மைக்கு உரியது. எந்தப் பக்கமும் அவர்களுடைய பக்கம் அல்ல.

மூன்றாமவர் முதலாளி அல்லது காப்புறுதி நிறுவனம் அனுப்பும் வைத்தியர். விபத்தைப் பற்றித் தொழிலாளி அறிவித்த பின்னர், தன் செலவில் தகுதிபெற்ற வைத்தியர் ஒருவரைக் கொண்டு அவரைப் பரிசோதிக்க முதலாளி முன்வரலாம். அப்படி முன்வந்தால் தொழிலாளி அதற்கு உட்பட வேண்டும். தக்க காரணமின்றி மறுத்தால் அவருடைய நட்டஈட்டு உரிமை இடைநிறுத்தப்படலாம். "அது முதலாளியின் டொக்டர், நான் போக மாட்டேன்" என்று வீட்டில் இருந்துவிடுவது நமக்கு நாமே செய்துகொள்ளும் தீங்கு.

ஆனால் போக வேண்டும் என்பதற்கு, அவர் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று அர்த்தமில்லை. காசு கொடுப்பவர் முதலாளியாக இருக்கலாம். வைத்தியர் எழுதுவது சாட்சியம். சாட்சியத்துக்குக் கூலி கொடுப்பவர் அதன் உள்ளடக்கத்தையும் வாங்கிவிட முடியாது. இந்த வைத்தியரின் முதற் கடமையே, தான் யாருக்காகப் பரிசோதிக்கிறேன், அறிக்கை யாரிடம் போகும் என்பதைத் தொழிலாளிக்கு விளங்கும்படி சொல்லி, அவருடைய சம்மதத்தைப் பெறுவதுதான். தனக்குச் சிகிச்சை தருபவர் என்று நம்பி ஒருவர் மனம்விட்டுப் பேசியதை எடுத்து அவருக்கு எதிராக எழுதுவது ஒழுக்கத்துக்கு மாறானது.

உடம்பின் வீதமும் உழைப்பின் வீதமும்

நட்டஈட்டுச் சட்டத்தின் முதலாம் அட்டவணை காயங்களின் பட்டியல். எந்த உறுப்பை இழந்தால் சம்பாதிக்கும் ஆற்றலில் எத்தனை வீதம் இழப்பு என்று அது சொல்கிறது. பட்டியலில் இல்லாத காயமாக இருந்தால், அக்காயம் சம்பாதிக்கும் ஆற்றலை எவ்வளவு குறைத்தது என்பதை மதிப்பிட வேண்டும். பெரும்பாலான அநீதி நடப்பது இங்கேதான்.

நம்மில் மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. இஸ்லாமியச் சட்டத்திலும் உறுப்புகளுக்கான தியத் அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. ஒரு கைக்கு முழுத் தியத்தில் பாதி, ஒவ்வொரு விரலுக்கும் பத்தில் ஒன்று. அளவு குறிப்பிடப்படாத காயங்களுக்கு 'ஹுகூமா' என்ற முறையில் மதிப்பீடு செய்யப்படும். அனுபவமுள்ளவர்களின் கருத்தைக் கேட்டு நீதிபதி தீர்மானிப்பார். பட்டியல் ஒன்று, பட்டியலுக்கு வெளியே நிபுணர் மதிப்பீடு ஒன்று என்ற அதே இரட்டை அமைப்புத்தான்.

ஒரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். பெருவிரலும் சுண்டு விரலும் தியத்தில் சமம் என்று ஹதீஸில் வந்துள்ளது. மனித உடம்பின் மதிப்பைப் பற்றிய தீர்ப்பு அது. இன்றைய நட்டஈட்டுச் சட்டம் அளப்பது உடம்பின் மதிப்பையல்ல, அந்த உடம்பினால் இனிமேல் எவ்வளவு உழைக்க முடியும் என்பதை. அதனால்தான் இந்தியச் சட்டத்தின் பட்டியலில் பெருவிரல் இழப்புக்கு மட்டும் 30 வீதம் என்று தனியாக வைத்திருக்கிறார்கள். பெருவிரல் இல்லாமல் ஒரு மண்வெட்டியைக்கூடப் பிடிக்க முடியாது.

இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு எழுதப்படும் அறிக்கை தொழிலாளியைக் கைவிட்டுவிடும். இந்திய உச்ச நீதிமன்றம் 1975 இல் தீர்த்த பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். ஒரு தச்சரின் இடது கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டது. இது பகுதி இயலாமைதான், வலது கை நன்றாக இருக்கிறதே என்பது முதலாளியின் வாதம். ஒரு கையால் தச்சுவேலை செய்ய முடியாது, ஆகவே அவர் செய்துவந்த தொழிலைப் பொறுத்தவரை இது முழு இயலாமை என்று ஆணையாளர் கண்டதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

2010 இல் அதே நீதிமன்றம் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற வீதி விபத்து வழக்கில் இதை மேலும் தெளிவாக்கியது. வைத்தியர் சொல்ல வேண்டியது உடலின் நிரந்தர இயலாமை எவ்வளவு என்பதை. சம்பாதிக்கும் ஆற்றலின் இழப்பு எவ்வளவு என்பதை, அவருடைய தொழில், வயது, படிப்பு எல்லாவற்றையும் பார்த்துத் தீர்மானிப்பது தீர்ப்பாயத்தின் வேலை. சாரதியோ தச்சரோ ஒரு கையை இழந்தால் ஏறத்தாழ எல்லாமே போய்விடும். அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருப்பவர் அதே கையை இழந்தால் வேலை போகாமலிருக்கலாம். சிகிச்சையே அளிக்காத வைத்தியர்கள் கேட்டவுடன் எழுதித்தரும் இயலாமைச் சான்றிதழ்களை அப்படியே நம்பிவிட வேண்டாம் என்றும் அந்தத் தீர்ப்பு எச்சரித்தது.

இந்தியத் தீர்ப்புகள் நமது ஆணையாளரைக் கட்டுப்படுத்தா. ஆயினும் இரண்டு நாட்டுச் சட்டங்களும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இந்தியாவின் 1923 ஆம் ஆண்டுச் சட்டமும் நமது 1934 ஆம் ஆண்டுச் சட்டமும் பிரித்தானியச் சட்டத்தைப் பின்பற்றியே எழுதப்பட்டன. வாதத்தை எடுத்துச் சொல்ல இவை உதவும்.

இதிலிருந்து வைத்தியருக்கு வரும் கடமை என்ன? "வலது கை சுட்டுவிரல் இழப்பு" என்று மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது. காயப்பட்டவர் என்ன வேலை செய்பவர், எந்தக் கைப் பழக்கமுள்ளவர், பிடிக்கும் வலு எவ்வளவு, பாரம் தூக்க முடியுமா, வெயிலில் நிற்க முடியுமா என்பதையெல்லாம் பதிய வேண்டும். தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் நாட்டாமை வேலை செய்பவரின் இடுப்பும், கடையில் கணக்கு எழுதுபவரின் இடுப்பும் எக்ஸ்ரேயில் ஒரே மாதிரித்தான் தெரியும். வாழ்க்கையில் அவை ஒன்றல்ல.

பரிசோதனை அறையில் என்ன நடக்க வேண்டும்?

முதலில் நேரம். நட்டஈட்டுக்கான பரிசோதனையை வெளிநோயாளர் பிரிவில் வரிசை நகர நகரப் பார்த்து முடிக்க முடியாது. சொல்வதைக் கேட்க வேண்டும், உடுப்பைத் தளர்த்திக் காயத்தைப் பார்க்க வேண்டும், அசைவுகளை அளக்க வேண்டும், பழைய படங்களையும் அட்டைகளையும் புரட்ட வேண்டும். காயப்பட்டவர் பெண்ணாக இருந்தால் துணைக்கு இன்னொரு பெண் அறையில் இருக்க வேண்டும். அதைக் கேட்க நமது பெண்கள் தயங்கத் தேவையில்லை.

இரண்டாவது மொழி. நமது பகுதியில் நிர்வாக மொழி சிங்களம். வைத்தியரும் பெரும்பாலும் சிங்களத்தில்தான் பேசுவார். சந்தையில் பேசுமளவுக்குச் சிங்களம் தெரிந்த ஒருவர், மரத்துப்போவதையும் விண்ணென்று குத்துவதையும் இழுத்துப்பிடிப்பதையும் பிரித்துச் சொல்லத் தடுமாறுவார். வைத்தியருக்கோ அந்த மூன்றும் மூன்று வேறு நரம்புப் பிரச்சினைகள். எனவே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவைப்படும். முதலாளியின் மகனோ மேற்பார்வையாளரோ அந்த இடத்தில் நிற்கக் கூடாது. அரச அலுவலர்களோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தந்திருக்கிறது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் அந்த உரிமை உண்டு.

மூன்றாவது காலம். எலும்பு பொருந்துமுன், வீக்கம் வற்றுமுன், நிரந்தர இயலாமையை மதிப்பிட்டால் அது சரியாக வராது. தற்காலிக இயலாமையை ஒரு தடவையும், காயம் ஆறி ஒரு நிலைக்கு வந்த பின்னர் நிரந்தர இழப்பை இன்னொரு தடவையும் பார்க்க வேண்டும். "இரண்டு கிழமையில் வேலைக்குப் போகலாம்" என்று முதல் நாளில் எழுதிய வரி, ஆறு மாதத்துக்குப் பிறகும் கை மடங்காதவரைத் துரத்திக்கொண்டிருக்கும்.

நான்காவது எல்லை. கவனக்குறைவு யாருடையது, முதலாளி கொடுக்க வேண்டுமா இல்லையா என்பதெல்லாம் வைத்தியரின் வேலையல்ல. கண்டதை எழுத வேண்டும். காயப்பட்டவர் சொன்னதை அவர் சொன்னது என்று எழுத வேண்டும். தன் கருத்தைக் கருத்து என்று எழுதி அதற்குக் காரணத்தையும் காட்ட வேண்டும். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45 ஆம் பிரிவு நிபுணரின் கருத்தைச் சாட்சியமாக ஏற்கிறது. காரணம் காட்டாத கருத்து விசாரணையில் நிற்காது. அழைக்கப்பட்டால் வந்து விளக்கம் தரவும் வைத்தியர் கடமைப்பட்டவர்.

"இது பழைய வருத்தம்" என்ற வரி

நட்டஈட்டு அறிக்கைகளில் தொழிலாளிக்கு அதிகம் சேதம் விளைவிப்பது இந்த வரிதான். ஐம்பது வயதானவரின் முதுகை எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் தெரியாமல் இருக்காது. அதைப் பார்த்துவிட்டு, மூட்டையோடு விழுந்ததற்கும் வலிக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிவிடுவது இலகு.

இந்த விவாதம் நூறு ஆண்டுக்கு முன்பே பிரித்தானியாவில் நடந்து முடிந்தது. 1910 இல் பிரபுக்கள் சபை தீர்த்த குளோவர் கிளேட்டன் வழக்கில், இறந்த தொழிலாளிக்கு ஏற்கனவே இதயத்திலிருந்து செல்லும் பெருநாடியில் கடுமையான வீக்கம் இருந்தது. ஸ்பெனரால் ஒரு நட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோது அது வெடித்தது. தூக்கத்திலும் வெடித்திருக்கக்கூடிய நாடிதான். என்றாலும் அன்று வெடித்தது வேலையின் அழுத்தத்தினால் என்பதால், நட்டஈடு உண்டு என்று முடிவானது.

எனவே வைத்தியர் கேட்க வேண்டிய கேள்வி "பழைய நோய் இருந்ததா" என்பதோடு முடிவதில்லை. அந்த நோயோடு இவர் நேற்றுவரை வேலை செய்துகொண்டிருந்தாரா? விபத்து அதைத் தூண்டியதா, மோசமாக்கியதா, விரைவுபடுத்தியதா? பழைய நோயை மறைத்து எழுதுவது பொய். அதை மட்டும் எழுதிவிட்டு விபத்தின் பங்கை எழுதாமல் விடுவதும் பாதி உண்மைதான்.

இன்னொரு வகையும் உண்டு. சில நோய்களே வேலையிலிருந்து வருபவை. தொழில்சார் நோய்களுக்கு நட்டஈட்டுச் சட்டத்தில் தனி அட்டவணை இருக்கிறது. 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஒரு படி மேலே போய், தொழிற்சாலையில் ஏற்பட்ட ஈய நஞ்சேற்றம், பாதரச நஞ்சேற்றம், அந்திராக்ஸ் போன்றவற்றைக் காணும் வைத்தியர் அதை அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்று விதிக்கிறது. பழைய பெட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் இடங்களில் வேலை செய்யும் இளைஞர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

கண்டதைச் சொல்லாமல் அனுப்பலாமா?

முதலாளிக்காகப் பரிசோதிக்கும் வைத்தியர், நட்டஈட்டோடு தொடர்பில்லாத ஆபத்தான ஒரு நோயைக் கண்டால் என்ன செய்ய வேண்டும்? "அவர் என் நோயாளி இல்லை, அறிக்கையை அனுப்பியவரிடம் கொடுத்துவிட்டேன்" என்று சொல்லி ஒதுங்க முடியுமா?

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநில உயர் நீதிமன்றம் 2001 இல் இதற்குப் பதில் சொன்னது. ஒரு தொழிலாளியை வேலைக்கு முன் பரிசோதித்தபோது நெஞ்சு எக்ஸ்ரேயில் சந்தேகத்துக்குரிய மாற்றம் தெரிந்தது. அது அவரிடம் சொல்லப்படவில்லை. நிணநீர்ப் புற்றுநோய் முற்றி அவர் இறந்தார். உயிருக்கு ஆபத்தான ஒன்றைக் கண்டால், பரிசோதிக்கப்பட்டவரிடமே சொல்வது வைத்தியரின் கடமை, அதை நிறுவனத்தின் தலையில் கட்டிவிட முடியாது என்பது தீர்ப்பு. 2009 இல் அரிசோனா மாநில மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்ததோ நேரடியாகத் தொழிலாளர் நட்டஈட்டுப் பரிசோதனை பற்றியது. மேலும் சிகிச்சை தேவையில்லை என்று காப்புறுதித் தரப்புக்காகப் பரிசோதித்த வைத்தியர் எழுதினார். தொழிலாளியின் முள்ளந்தண்டு நரம்போ நசுங்கிக்கொண்டிருந்தது. சிகிச்சைக்கான உறவு இல்லாவிட்டாலும் நியாயமான கவனத்தோடு பரிசோதிக்கும் கடமை வைத்தியருக்கு உண்டு என்று அந்த நீதிமன்றம் கூறியது.

நமது நாட்டில் வைத்தியரின் கவனக்குறைவுக்கு எதிரான வழக்கு உரோமன் டச்சுச் சட்டத்தின் அடிப்படையில் நடக்கிறது. அந்தப் பாதை கடினமானது. 2001 இல் உயர் நீதிமன்றம் தீர்த்த பேராசிரியர் பிரியானி சொய்சா வழக்கில், கவனக்குறைவு பற்றி முடிவுகண்ட பின்னரும், மரணத்துக்கு அதுவே காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்பதால் வழக்காளி தோற்றார். எனவே பிறகு வழக்குப் போடலாம் என்று இருப்பதைவிட, பரிசோதனை முடிந்ததும் "எனக்குச் சொல்ல வேண்டியது ஏதும் கண்டீர்களா டொக்டர்?" என்று கேட்டுவிடுவது நல்லது. வைத்தியரும் கேட்காமலே சொல்ல வேண்டும்.

அதன் மறுபக்கம் இரகசியம். முதலாளி கேட்டது முழங்கையைப் பற்றி. சீனி வருத்தம், மனநோய்க்கான மருந்து, கர்ப்பம் போன்ற சம்பந்தமில்லாதவற்றை அறிக்கையில் எழுதி முதலாளியின் மேசைக்கு அனுப்பும் அனுமதியைத் தொழிலாளி கொடுக்கவில்லை. ஆபத்தைத் தொழிலாளியிடம் சொல்வது கடமை. அவருடைய அந்தரங்கத்தை முதலாளியிடம் சொல்வது மீறல்.

பொய் இரண்டு பக்கமும் பொய்தான்

பொய் என்று தெரிந்தும் சான்றிதழில் கையொப்பமிடுவது, பொய்ச் சாட்சியம் சொல்வதற்குச் சமமான குற்றம் என்பது நமது தண்டனைச் சட்டக்கோவையின் நிலைப்பாடு. இலங்கை மருத்துவப் பேரவையும் இதை ஒழுக்கக்கேடாக விசாரிக்கலாம். பணம் வாங்கிக்கொண்டு இயலாமையைக் குறைத்து எழுதினால் மட்டும்தான் இது பொருந்தும் என்று நாம் நினைத்துவிடக் கூடாது. "பாவம், நம்ம பிள்ளை" என்று இரக்கப்பட்டு, இல்லாத வீதத்தைக் கூட்டி எழுதினாலும் இதே நிலைதான்.

சூரா அந்நிஸாவின் 135 ஆவது வசனம் சாட்சியத்தைப் பற்றி நமக்குக் கட்டளையிடுவது இதைத்தான். தனக்கே எதிராக இருந்தாலும், உறவினருக்கு எதிராக இருந்தாலும் நீதியில் நிற்க வேண்டும். சம்பந்தப்பட்டவர் செல்வந்தர் என்பதோ ஏழை என்பதோ சாட்சியை வளைக்கக் கூடாது. ஏழைக்காகவும் வளைக்கக் கூடாது என்பதைக் கவனியுங்கள். கூட்டி எழுதப்பட்ட ஒரு சான்றிதழ் விசாரணையில் பிடிபட்டால், அடுத்த முறை உண்மையாகக் காயப்பட்டு வருபவரின் சான்றிதழும் சந்தேகத்தோடு பார்க்கப்படும்.

தொழிலாளி செய்ய வேண்டியவை

காயப்பட்ட அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். முறிவு வைத்தியரிடம் எண்ணெய் கட்டுவது நமது பக்கத்தில் பழக்கம். அதில் நம்பிக்கையுள்ளவர் பிறகு போகட்டும். முதலில் எக்ஸ்ரேயும் வைத்தியசாலைப் பதிவும் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் காயம் எப்போது வந்தது என்பதையே பின்னர் காட்ட முடியாமல் போகலாம்.

எப்படி நடந்தது என்று கேட்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள். பொலிஸ், கேஸ் என்று பிரச்சினை வேண்டாம், வீட்டில் விழுந்ததாகச் சொல் என்று கூட வந்தவர்கள் சொல்லிக்கொடுப்பதுண்டு. முதல் நாள் டிக்கட்டில் அந்தப் பொய் ஏறிவிட்டால், பிறகு எந்த வைத்தியராலும் அதை அழிக்க முடியாது. அழிக்கவும் கூடாது.

நோய் நிர்ணய அட்டை, கிளினிக் புத்தகம், எக்ஸ்ரே படங்கள், மருந்துத் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். பிரதி எடுத்துக் கொடுங்கள், மூலத்தைக் கொடுத்துவிடாதீர்கள். முதலாளிக்கு விபத்தை எழுத்தில் அறிவியுங்கள். அவர் அனுப்பும் வைத்தியரிடம் போங்கள். போன திகதி, வைத்தியரின் பெயர், எவ்வளவு நேரம் பார்த்தார், என்ன கேட்டார் என்பதை வீட்டுக்கு வந்ததும் எழுதி வையுங்கள். அறிக்கை தவறென்று தோன்றினால் அதை ஆணையாளர் முன் மறுக்கலாம். வேறொரு வைத்தியரின் அறிக்கையையும் முன்வைக்கலாம்.

விளங்காத எந்தக் காகிதத்திலும் கையொப்பமிடாதீர்கள். ஒரு தொகையைத் தந்து, இதோடு முடிந்தது என்று எழுதி வாங்குவது சட்டத்தின் பார்வையில் அவ்வளவு இலகுவாக முடிந்துவிடும் காரியமல்ல. நட்டஈட்டு உடன்பாடுகள் ஆணையாளரிடம் பதியப்பட வேண்டும். மாத்தளையிலுள்ள தொழில் அலுவலகத்தில் விசாரித்தால் எங்கே, எப்படி விண்ணப்பிப்பது என்ற வழியைத் தெரிந்துகொள்ளலாம். காலம் தாழ்த்த வேண்டாம். கோரிக்கைக்குக் கால எல்லை உண்டு.

முதலாளியும் நம்மவர்தானே

நமது ஊர்களில் இந்த உரிமையைக் கேட்பதற்குப் பெரிய தடை சட்டமல்ல, உறவு. மில்காரர் மாமாவாக இருப்பார், லொறிக்காரர் ஜும்ஆவில் பக்கத்து ஸஃப்பில் நிற்பார். "அல்லாஹ்வின் நாட்டம், என்ன செய்ய" என்று சொல்லி, ஹதியாவாகக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு விடயம் முடிந்துவிடும். கத்ரை நம்புவது ஈமானின் பகுதி. ஆனால் காயம் அல்லாஹ்வின் நாட்டப்படி நடந்தது என்பதால் நட்டஈடு என்ற கடன் அழிந்துவிடுவதில்லை. விதிப்படி நடந்த தவறான கொலைக்கும் தியத் உண்டு என்பதை நாம் அறிவோம். தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில், வேலையில் சிந்திய இரத்தத்துக்குரியதைத் தர்மம் போலக் கொடுப்பது பொருந்தாது. அது அவருடைய ஹக்.

முதலாளிமாருக்கும் இதில் நன்மையே இருக்கிறது. 20 இலட்சம் ரூபா வரை போகக்கூடிய ஒரு பொறுப்பைச் சிறிய மில்காரர் ஒருவர் தனியே சுமப்பது கடினம். அதற்கான ஏற்பாட்டை, தக்காபுல் முறையில் கிடைத்தால் அதிலேனும், விபத்துக்கு முன்பே செய்துகொள்வது அவருடைய குடும்பத்தையும் காப்பாற்றும். பரிசோதனைக்கு அனுப்பும் வைத்தியரிடம் "உள்ளதை எழுதுங்கள்" என்ற ஒரே கோரிக்கையோடு அனுப்பும் முதலாளி, தன் தொழிலாளிக்கும் தன் மறுமைக்கும் நல்லதையே செய்கிறார்.

பள்ளிவாசல் நிர்வாகங்கள் அறுவடைக்கு முன்னர் ஒரு ஜும்ஆவுக்குப் பின் அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரு சட்டத்தரணியையோ தொழில் அலுவலரையோ அழைத்து இதைப் பேசச் செய்யலாம். ஒவ்வொரு ஊரிலும் சிங்களமும் தமிழும் நன்றாகத் தெரிந்த இரண்டு பேர், ஆணும் பெண்ணுமாக, வைத்தியசாலைக்குத் துணையாகப் போகத் தயாராக இருந்தால் போதும். ஒரு கையின் பெறுமதியைத் தீர்மானிக்கும் அறிக்கை, அந்தக் கைக்குரியவர் சொன்னதைச் சரியாகக் கேட்ட பிறகாவது எழுதப்படட்டும்.